கல்லூரிக் களமும் கட்டணத் தொலைக்காட்சியும்

பல்கலைக்கழகங்கள் சில ஒன்றுகூடி, தம் மாணவர்கள் ஆடும் ஆட்டங்களை ஒளிபரப்புவதற்கென்றே சொந்தமாக ஒரு தொலைக்காட்சி அலைவரிசையை நடத்த முடியுமா? நடத்தினால் அது நிலைக்குமா? அமெரிக்காவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பல நூறு கோடி டாலர்களைப் பந்தயமாக வைத்துக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. இதைத் தென்காசியிலும் குற்றாலத்திலும் இருந்துகொண்டு நாம் ஏன் எழுப்ப வேண்டும் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சாரல் காலம் முடிந்து பருவக்காற்று தணிந்ததும் இவ்வட்டாரக் கல்லூரி மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் போடப்படுகின்றன. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள் நடக்கின்றன, கோப்பைகள் வழங்கப்படுகின்றன, சான்றிதழ்கள் அச்சிடப்படுகின்றன. ஆட்டம் மட்டும் எங்கும் எஞ்சுவதில்லை. ஆடியவரின் கால்முட்டித் தழும்பைத் தவிர அதற்கு வேறு ஆவணம் கிடையாது. ஆட்டத்தைக் காட்சியாகச் சேமித்து ஊருக்குக் காட்டுவதற்கான வழிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை அறிவது நமக்கும் வேண்டியதாகிறது.

முதலில் அமெரிக்கக் கதை. அங்கே 'கான்ஃபரன்ஸ்' என்று வழங்கப்படுவது மாநாடு அன்று. ஒன்றோடொன்று ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. 'பிக் டென்' என்னும் கூட்டணி 1896இல் ஏழு பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. பசிபிக் கடற்கரைக் கூட்டணி 1915இல் உருவாயிற்று. தொலைக்காட்சி வந்த பின்னர், எந்த ஆட்டத்தை எத்தனை முறை காட்டலாம் என்பதை அனைத்துக் கல்லூரிகளுக்குமான தலைமைச் சங்கமே முடிவுசெய்து வந்தது. இதை எதிர்த்து ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சங்கத்தின் கட்டுப்பாடு வணிகப் போட்டிக்கு எதிரானது என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் ஆட்டம், அதை ஆடும் பல்கலைக்கழகத்தின் விற்பனைப் பொருளாயிற்று. தானே விற்கலாம் என்றானபின் கடையையும் தானே திறந்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கைதானே.

கடையை முதலில் திறந்தது 'மவுண்டன் வெஸ்ட்' என்ற சிறிய கூட்டணி. 2006 செப்டம்பரில் தொடங்கிய அதன் அலைவரிசை 2012 மே மாதத்தோடு மூடப்பட்டது. முன்னோடிகளுக்கு நேரும் கதி என்று அதைக் கடந்துவிடலாம். வென்றது 2007 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிய பிக் டென் அலைவரிசை. தொடங்கிய மூன்றாம் நாளே, அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற, அதிகம் அறியப்படாத அணி மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்தியது. கல்லூரிக் கால்பந்து வரலாற்றின் பெரும் அதிர்ச்சிகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படும் ஆட்டம் அது. ஆனால் அதை நேரலையாகக் கண்டவர்கள் குறைவு. காம்காஸ்ட் போன்ற பெரிய கேபிள் நிறுவனங்கள் அந்த அலைவரிசையை அப்போது ஏற்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டுப் பேரத்துக்குப் பிறகு, 2008இல்தான் காம்காஸ்ட் இறங்கிவந்தது.

பேரம் எதைப் பற்றியது என்பதில்தான் நம் கட்டுரையின் மையம் இருக்கிறது. கூட்டணியின் எட்டு மாநிலங்களில் கேபிள் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு டாலர் தர வேண்டும் என்று அலைவரிசை கேட்டது. பார்ப்பவர் மட்டுமல்ல, ஒவ்வொரு வீடும். கால்பந்து என்றால் என்னவென்றே அறியாத மூதாட்டியின் வீடும் அதில் அடக்கம். அடிப்படைத் தொகுப்புக்குள் அலைவரிசையைச் செருகிவிட்டால் பார்க்காதவர் பணமும் வந்து சேரும். பார்ப்பவர் பத்துப் பேர், கொடுப்பவர் நூறு பேர் என்னும் இந்தக் கணக்கே பிக் டென்னைச் செழிக்க வைத்தது. 2014இல் மேரிலாந்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்கள் கூட்டணியில் சேர்க்கப்பட்டதற்கு அவற்றின் ஆட்டத்திறன் காரணமென்று எவரும் சொல்லவில்லை. வாஷிங்டன், நியூயார்க் நகரங்களின் கேபிள் வீடுகள் அவற்றோடு கணக்கில் வந்தன. அலைவரிசையின் 49 விழுக்காட்டுப் பங்கு தொடக்கத்திலேயே ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. கேபிள்காரர்களோடு பேரம் பேசுகையில் பின்னால் ஒரு பெரிய முதலாளி நிற்பது எத்தனை வசதி! 2014இல் தொடங்கிய தென்கிழக்குக் கூட்டணியின் அலைவரிசையோ முழுவதும் ஈஎஸ்பிஎன்னின் உடைமை.

பசிபிக் கடற்கரைக் கூட்டணி இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. பேக்-12 என்று பெயர்கொண்டிருந்த அக்கூட்டணி 2012 ஆகஸ்டில் தேசிய அலைவரிசை ஒன்று, வட்டார அலைவரிசைகள் ஆறு என ஏழு அலைவரிசைகளைத் தொடங்கியது. பங்காளி எவரும் இல்லை. நூற்றுக்கு நூறும் பல்கலைக்கழகங்களின் சொத்து. இலட்சியம் என்று பார்த்தால் இதைவிட உயர்ந்தது ஒன்றிருக்க முடியாது. நீச்சல், கைப்பந்து, பெண்கள் கால்பந்து, நீர்ப்பந்து என்று வணிகத் தொலைக்காட்சி ஏறிட்டும் பாராத ஆட்டங்களுக்கெல்லாம் அதில் இடமிருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான நேரலைகள். சான் பிரான்சிஸ்கோ நகரின் நடுவே பெரும் வாடகையில் ஒளிப்பதிவுக் கூடங்கள். ஆனால் டைரக்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் நிறுவனம் கடைசிவரை இந்த அலைவரிசையை ஏற்கவேயில்லை. பங்காளி இல்லாத தனிக்கடைக்காரருக்காக வாதாட ஆளில்லை. எதிர்பார்த்த வருவாய் வரவில்லை.

முடிவு 2023இல் வந்தது. கூட்டணியின் புதிய ஒப்பந்தத்துக்கு ஆப்பிள் நிறுவனம் ஒரு வழி சொன்னது: இணையவழியே ஒளிபரப்புவோம், விரும்பிச் சந்தா கட்டுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்து வருவாய் உயரும். பார்ப்பவர் மட்டுமே பணம் தருவார் என்ற நேர்மையான கணக்கு அது. நூறாண்டு மரபும் இலட்சக்கணக்கான பழைய மாணவர்களும் கொண்ட பல்கலைக்கழகங்கள் அந்தக் கணக்கைக் கண்டு அஞ்சின. அந்த ஆகஸ்டில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. பன்னிரண்டில் எஞ்சியவை இரண்டு. 2024 ஜூன் 30 அன்று அலைவரிசை ஒளியிழந்தது. தம் அணி வெளியூரில் தோற்றால் அழும் பழைய மாணவர்களுள் எத்தனை பேர் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அப்பல்கலைக்கழகங்களின் தலைமைக்கே நம்பிக்கையில்லாமற் போயிற்று என்றுதான் நாம் இதைப் படிக்கிறோம். (டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கென்றே ஈஎஸ்பிஎன் இருபதாண்டு ஒப்பந்தத்தில் 2011இல் நடத்தத் தொடங்கிய தனி அலைவரிசையும் 2024லேயே முடிந்தது. அந்த அலைவரிசை மீதான பொறாமையில் கூட்டணித் தோழர்கள் பிரிந்துபோனது கிளைக்கதை.)

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் வானலையை விடுவித்தது விளையாட்டுதான் என்பது பலருக்கு நினைவிருக்காது. ஒரு காலத்தில் தன் ஆட்டங்களை ஒளிபரப்பக் கிரிக்கெட் வாரியமே தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1993இல் ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது, அரசு தடுத்தது. 1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, வானலைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் 1984 தீர்ப்புக்கும் இதற்கும் இடைவெளி பதினோரு ஆண்டுகளே. ஆனால் அங்கே பல்கலைக்கழகங்கள் பெற்ற விடுதலையை இங்கே பெற்றது கிரிக்கெட் வாரியம். நம் பல்கலைக்கழகங்கள் அவ்வழக்கின் பக்கத்திலேயே இல்லை.

விளையாட்டு உரிமையை நம்பித் தனி அலைவரிசை தொடங்கியவர்களின் பாடும் இங்கே எளிதாக இல்லை. வாரியத்தின் உரிமையை 2006இல் 61 கோடி டாலருக்கு மேல் விலைபேசி வாங்கிய நிம்பஸ் நிறுவனம் நியோ ஸ்போர்ட்ஸைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, நாட்டின் முதன்மையான ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று சட்டம் வந்தது. 2011 இறுதியில் வாரியம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. கிரிக்கெட்டுக்கே இக்கதி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்காற்று ஆணையத்தின் கட்டண விதியோ, பார்வையாளர் தாம் வேண்டும் அலைவரிசையைத் தாமே தேர்ந்து பணம் கட்டலாம் என்றது. தொகுப்பு முறை அதனால் ஒழிந்துவிடவில்லை; ஆனாலும் புதிதாக வரும் சிறிய அலைவரிசையொன்று எல்லார் வீட்டுக் கட்டணத்திலும் ஓசையின்றி ஏறிக்கொள்ளும் வழி குறுகிவிட்டது. பிக் டென்னை வாழவைத்த மூதாட்டி நம் நாட்டுக் கணக்கில் கிடைக்கமாட்டார்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒளிபரப்பு அனுபவமே இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் 'நாடு தழுவிய வகுப்பறை' நடத்தியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் அதற்கான ஒளிப்பதிவுக் கூடங்கள் அமைந்தன. நம் தலைமுறையினர் பள்ளி விடுமுறையில் வேறு நிகழ்ச்சி வராதா என்று காத்திருந்த பகற்பொழுதுகளில் தவளையின் இதயத்தையும் ஆங்கில விளக்கத்தையும் பார்த்தது அதில்தான். 2004 பிப்ரவரி முதல் நாள் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகத் தொடங்கியது. 2017இல் 'ஸ்வயம் பிரபா' என்ற பெயரில் 32 கல்வி அலைவரிசைகள் வந்தன. இவை அனைத்திலும் பாடம் உண்டு. மைதானம் இல்லை. வகுப்பறைக்கு வெளியே மாணவர் செய்வது கல்வியில் சேராது என்ற நம் பழைய எண்ணம் அலைவரிசைப் பட்டியலிலும் அப்படியே பதிந்திருக்கிறது.

இத்தனைக்கும் இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டு வயதில் இளையதன்று. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான ரோஹிண்டன் பாரியா கிரிக்கெட் கோப்பை 1935-36இல் தொடங்கியது. இரஞ்சிக் கோப்பைக்கு ஓராண்டுதான் இளையது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக அதில் ஆடியவர்களுள் கவாஸ்கரும் ஒருவர். ஒட்டுமொத்த விளையாட்டுச் சாதனைக்கான மௌலானா ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. 2020 பிப்ரவரியில் புவனேசுவரத்தில் தொடங்கிய 'கேலோ இந்தியா' பல்கலைக்கழகப் போட்டிகள் தொலைக்காட்சிக்கும் வந்தன. ஆனால் அவை அரசு நடத்துவன. சில நாள்களில் முடிந்துவிடுவன. தென்காசியின் கல்லூரி அணி அந்த மேடைக்குப் போக, முதலில் மண்டலத்தில் வெல்ல வேண்டும், பின் பல்கலைக்கழக அணியில் இடம்பெற வேண்டும், பின் தென்மண்டலத்தில் தேற வேண்டும். இந்தப் படிகளில் நிகழ்வனவற்றை எந்த ஒளிப்படக் கருவியும் பார்ப்பதில்லை.

கூட்டணி என்று அமெரிக்கர் சொல்வதற்கு நம் பக்கத்தில் மிக அண்மையது, 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளின் கூட்டம் எனலாம். நெல்லை, தூத்துக்குடி, குமரி, தென்காசி என நான்கு மாவட்டக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒன்றோடொன்று மோதுகின்றன. குற்றாலத்தில் 1964இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரியும், சுரண்டையின் காமராசர் அரசுக் கல்லூரியும், பாளையங்கோட்டையின் பழம்பெரும் கல்லூரிகளும் இதற்குள் அடக்கம். வடிவம் இருக்கிறது; பிக் டென்னிடம் இருக்கும் வெறி இல்லை. காரணம் வெளிப்படை. நம் மக்களின் விளையாட்டுப் பற்று கல்லூரி மேல் கட்டப்பட்டதன்று, ஊர் மேல் கட்டப்பட்டது. கல்லூரிக்கு மூன்றாண்டு போய்வருகிறோம். ஊரில் பிறந்து ஊரில் கொடை கொடுக்கிறோம். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனை அவர் பெயரோடு ஒட்டிய சிற்றூரைக் கொண்டுதான் எல்லாரும் அறிவர். அவர் வாழ்வின் தூண்டலில் உருவான 'பைசன்' திரைப்படம் 2025இல் வந்தபோதும் பேசப்பட்டது அந்த ஊரே.

ஊர்ப்பற்றுக்கு அலைவரிசை தேவைப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கோயில் கொடையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று தட்டி வைக்கிறார்கள். விடிய விடிய ஆட்டம். ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் புள்ளிகளுக்கு இடையே நன்கொடையாளர் பெயர்களை அடுக்குகிறார். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் கிரிக்கெட்டுக்குத் தமிழில் நேர்முக வர்ணனை தந்து பெயர்பெற்ற மண்ணல்லவா இது. இந்த இளைஞர்களின் தமிழ் வேறு, வேகம் அதே. சில ஆண்டுகளாக அதே மைதானத்தின் ஓரத்தில் ஓர் இளைஞர் குழு யூடியூபில் நேரலை செய்கிறது. வளைகுடாவில் பணிபுரியும் கடையநல்லூர்க்காரரும் தென்காசிக்காரரும் ஊர் ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். செலவை உள்ளூர் நகைக்கடையும் செங்கல் சூளையும் ஏற்கின்றன. கேபிள்காரரோடு பேரம் இல்லை, சான் பிரான்சிஸ்கோ வாடகை இல்லை.

இலக்கிய இதழ் வாசகர்களுக்கு இதை நம் மொழியிலேயே சொல்லிவிடலாம். பேக்-12 செய்தது, சிற்றிதழ் ஒன்றை வார இதழின் அச்சகத்தில், வார இதழின் ஊழியரைக் கொண்டு நடத்தியது போன்றது. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்ததென்றால், அது தன் வாசகர் எத்தனை பேர் என்று அறிந்து அதற்குத் தக்க செலவில் வந்தது. ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டிக்கோ அச்சகமே தேவைப்படவில்லை. தாமே பேசி, தாமே கேட்டு, தாமே ரசித்தார்கள். மின்னொளி கபடியின் நேரலை அந்த வகையைச் சேர்ந்தது. கல்லூரி விளையாட்டுக்குத் தனித் தொலைக்காட்சி இங்கே வெல்லுமா என்று கேட்டால், வெல்லாது என்பதே நம் துணிபு. கல்லூரி விளையாட்டுக்குச் சிற்றிதழ் போன்ற ஒரு நேரலை இயலுமா என்று கேட்டால், இயலும். ஆனால் ஊர்க்கபடியைப் போல அது தானாக முளைக்காது.

ஏன் அதுவும் வேண்டும், ஊர் நேரலையே போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. மின்னொளி மைதானங்களில் ஆடுவோர் பெரும்பாலும் ஆண்கள். இந்த மாவட்டத்துப் பெண் கபடியும் கோகோவும் பூப்பந்தும் ஆடுவதற்குப் பள்ளியும் கல்லூரியும் விட்டால் வேறு களம் அரிது. திருமணமானபின் பலருக்கு அதுவும் இல்லை. வணிகத் தொலைக்காட்சி அவர்களைத் தேடி வருமா என்பதற்கு ஒரு சோதனையே நடந்திருக்கிறது. 2014 ஜூலையில் தொடங்கிய புரோ கபடியை முதல் ஆண்டில் 43.5 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு வெளியிட்ட ஸ்டார் நிறுவனம், 2016இல் மூன்று அணிகளோடு பெண்கள் கபடித் தொடர் ஒன்றை நடத்தியது. ஒரே ஆண்டு. பிறகு அதைத் தொடரவில்லை. ஆண்கள் தொடர் நடந்துவருகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்ற பிறகுதான் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவின் ஆட்டத்தைத் தமிழகம் கண்டது. அதற்கு முன் அவர் ஆடிய ஆட்டங்களும் ஆட்டங்கள்தாமே.

பணம் எங்கிருந்து வரும் என்ற பழைய கேள்விக்கு இங்கே ஒரு விசித்திரமான விடை இருக்கிறது. அமெரிக்கக் கேபிள் மூதாட்டியைப் போல, பார்க்காமலேயே பணம் கொடுப்பவர் நம்மிடமும் உண்டு: மாணவர். சேர்க்கையின்போது ஒவ்வொரு மாணவரிடமும் விளையாட்டுக் கட்டணம் பெறப்படுகிறது. அதில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. மைதானத்தில் கால்வைக்காத மாணவியும் அதைக் கட்டுகிறார். அந்தக் கட்டணத்துக்கு அவருக்குத் திரும்பக் கிடைப்பது ஆண்டு மலரில் ஒரு குழுப் புகைப்படம். அலைவரிசை வேண்டாம், வாகனம் வேண்டாம். அந்தத் தொகையில் மிகச் சிறிய பங்கைக் காட்சிப் பதிவுக்கு ஒதுக்க உடற்கல்வி இயக்குநர்களின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். காட்சித் தொடர்பியல் துறை உள்ள கல்லூரிகளின் மாணவர்களுக்கு இது செய்முறைப் பாடமாகவும் அமையும். பதிவின் உரிமை யாருக்கு என்பதை மட்டும் தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 1984லும் 1995லும் நீதிமன்றம் வரை போனது அந்த ஒன்றுக்காகத்தான்.

பெண்கள் கபடியில் பாதிக்குப் பதினைந்து நிமிடம், நடுவே ஐந்து நிமிட இடைவேளை. முப்பத்தைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஒரு கைப்பேசி, ஒரு முக்காலி, ஏழும் ஏழும் பதினான்கு பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஒரு மாணவி. அடுத்த மண்டலப் போட்டிக்கு முன் இவ்வளவையும் திரட்டிவிட முடியும்.